நானே பொறுக்கி எடுத்த பாகங்கள்

மார்ச் 3

அக்கா,

அன்று கடையில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"யாருக்கும்மா மெஷின்?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீ பதில் சொன்னாய். "என் தங்கச்சிக்குங்க. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ரெடிமேடா நல்ல லேப்டாப் ஒண்ணு போட்டுக் குடுங்க." பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து உன் கைப்பையில் வைத்துக்கொண்டாய், குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்குவதுபோல.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதமாக இதைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை என்று சொல்லவில்லை. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு பாகத்துக்காகவும் எத்தனையோ பாகங்களை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. நீ கைகாட்டிய லேப்டாப்பில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, பெயரில்தான் பெரியது, சூடானதும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும் என்றும் சொல்லவில்லை. வெளியே போய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். நீ அதைக் கோபம் என்று நினைத்தாய். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தலைவலி என்று நினைத்துத் தைலம் எடுத்து வந்தாள்.

நீ ஊருக்குப் போனதிலிருந்து ஃபோன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்க மாட்டேன். ஃபோனில் உன்னோடு பேசினால் பாதியிலேயே "சரி" என்று சொல்லிவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று தெரிகிறது. உன் நண்பரின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையும் அதுதான். இனி எழுதிக்கொள்வோம். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். மே கடைசி வரை சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். அதற்குள் ஒரு வேலையைத் தனியாக முடித்துக் காட்ட வேண்டும். காது கேளாத குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள். அந்தக் குழந்தைகள் ஆசிரியரின் கையையும் உதட்டையும் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். எந்த வகுப்பில் எந்த நேரத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழும், யார் முகம் இருட்டாகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே அசையும் படமாகப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் அந்தக் கட்டடத்தை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட். முழுக் கட்டடம், ஒரு வருஷத்து வெயில். அதைக் கணக்குப் போட்டு வரைய என் பழைய மெஷினால் ஆகாது. புதிதில் ஆனால், விடுப்பு முடிந்தபின் நான் அலுவலகத்துக்குத் திரும்ப மாட்டேன். ஆகாவிட்டால் திரும்புவேன். அவ்வளவுதான்.

மெஷினை நானே கட்டுவேன். பாகங்களை நானே போய் வாங்குவேன். தாளை நீயே வைத்துக்கொள். எனக்கு அது மனப்பாடம்.

தங்கை


மார்ச் 6

அடியே,

கடையில் நாலு வார்த்தை பேசியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம்.

நீ எடுக்காததால் என் ஃபோனை அம்மாதான் எடுக்கிறாள். "ஸ்க்ரூ டிரைவரைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாக்குறாடி" என்கிறாள். அவளை ஏன் பயமுறுத்துகிறாய்?

உன்னை அவமானப்படுத்துவதற்காக அப்படிச் சொல்லவில்லை. தெரியும் என்று சொன்னால் கடைக்காரன் நம்மோடு போட்டி போடுவான். தெரியாது என்றால் கொஞ்சம் இரக்கப்பட்டு நல்லதாகக் கொடுப்பான். இது எனக்குப் பழகிய வித்தை. ஒரு வங்கியின் சர்வர் கூடம் முழுக்க என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஒன்று நின்றுபோனால் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் வராது. அப்படிப்பட்ட நான் ஒரு மெஷினைக்கூடச் சொந்தக் கையால் கட்டுவதில்லை, தெரியுமா? எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குகிறோம். கெட்டால் அவன் ஆள் வருவான், மாற்றுவான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். நீ கடைக்கு ஒரு பாகமாக வாங்கிவந்தால், கெட்டுப் போகும்போது ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கைகாட்டுவான். நீ நடுவில் நின்று முழிப்பாய்.

சரி, உன் தாளை ரயிலில் பிரித்துப் பார்த்தேன். மோசமில்லை. ப்ராசஸரில் கையைச் சுருக்கி கிராஃபிக்ஸ் கார்டில் கொட்டியிருக்கிறாய். உன் வேலைக்கு அது நியாயம்தான். ஆனால் பவர் சப்ளை? இவ்வளவும் வாங்கிவிட்டு மின்சாரம் கொடுக்கிற பெட்டியில் போயா கஞ்சத்தனம்? என் வீட்டில் உறை பிரிக்காத ஒன்று சும்மா கிடக்கிறது. உன்னுடையதைப்போல இரண்டு மடங்கு சக்தி. நாளைக்கே பார்சலில் போடுகிறேன். வாயை மூடிக்கொண்டு மாட்டு.

கோட்டு உன் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். வெயிலிலும் கோட்டைக் கழற்றாத உன் முதலாளிக்கு நீ வைத்த பெயர் எனக்கும் பழகிவிட்டது. என்னோடு படித்தவன் என்பதால்தான் இவ்வளவு பொறுமை. அதை நீயும் கொஞ்சம் நினைத்துப் பார்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கடைக்குப் போனேன், தனியாக. "அக்கா வரலியாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். மெஷின் எனக்குத்தான் என்றேன். அதன்பின் உன்னைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

முதலில் கேபினெட். இப்போது வருவதெல்லாம் ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சுற்றிச்சுற்றி விளக்கு, சர்க்கஸ் கூடாரம்போல. நான் நாள் முழுவதும் ஒரு சுவரின்மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கிறவள். மேஜைக்கடியில் ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தால் என் கண் எதை நம்பும்? கடையின் பின்பக்கம் ஒரு பழைய கறுப்பு இரும்புக் கேபினெட் கிடந்தது. பெரியது, காற்று தாராளமாகப் போகும், ஒரு விளக்கும் கிடையாது. அதைக் கேட்டேன். "அது விக்கிறதுக்கு இல்லம்மா. நான் டீ குடிக்க உக்காருறது" என்றார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கொடுத்து அதைத் தூக்கி வந்தேன். ஆட்டோவில் எனக்கு இடமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே.

கார்டு விஷயத்தில் அவரோடு கொஞ்சம் நேரம் மல்லுக்கு நின்றேன். புதிதாக வந்ததை வாங்கச் சொன்னார், அதில் கேம் பறக்குமாம். நான் போன தலைமுறைக் கார்டைத்தான் எடுத்தேன். வேகம் கம்மி, நினைவகம் அதிகம். மெதுவாக ஓடினால் காத்திருக்கலாம். கட்டடம் முழுவதும் உள்ளே கொள்ளாவிட்டால் ஓடவே ஓடாது. ராம் இரண்டு பட்டைதான் போட்டிருக்கிறேன். மீதி இரண்டு இடம் காலி. இந்த மெஷினில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் காலி இடம்தான்.

அம்மாவுக்குப் பயம் போய்விட்டது. மதர்போர்டைப் பிரித்து மேஜையில் வைத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "ஊர் மேப்பு மாதிரி இருக்கேடி. இதுல நம்ம வீடு எது?" என்றாள்.

உன் பவர் சப்ளை வந்தது. உறை பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் செய்தது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஒவ்வொரு பாகமும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கூட்டி, அதற்குமேல் தாராளமாகவே விட்டிருக்கிறேன். உன்னுடையதை மாட்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு யாராவது இந்தப் பெட்டிக்குள் கைகாட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால், அக்கா அனுப்பினாள் என்பதைத் தவிர எனக்குப் பதில் இருக்காது. மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

கோட்டு நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. கவனித்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தங்கை


மார்ச் 20

அடியே,

பார்சல் திரும்பி வந்தது. நீ சுற்றியிருந்த டேப்பைக் கிழிப்பதற்குள் என் நகம் போய்விட்டது. கோபத்தை இப்படியும் காட்டலாம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உன் மின்சாரக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. எழுதிவிட்டேன், போதுமா?

ஆனால் ஒன்று. நீ குளிக்கப் போயிருந்தபோது அம்மாவிடம் சொல்லி கடைக்காரர் டீ குடிக்கிற அந்த நாற்காலியை, அதுதான் உன் கேபினெட்டை, அளக்கச் சொன்னேன். கோபப்படாதே. அம்மா தையல் நாடாவை வைத்துக்கொண்டு ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் ஏதோ திருடப் போகிறவர்கள்போல மெதுவாகப் பேசிக்கொண்டோம். அந்தப் பெட்டியில் பவர் சப்ளை மேலே இருக்கிறது, டிஸ்க் வைக்கிற தட்டு அடியில் எங்கோ இருக்கிறது. உன் பவர் சப்ளையோடு வந்த கேபிள் அதுவரை எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒருநாள் பிய்ந்துகொண்டு வரும்.

என் பெட்டியோடு வந்த கேபிள்கள் நீளமானவை. துணி சுற்றியவை, பார்க்கவும் அழகாக இருக்கும். பெட்டி வேண்டாமென்றால் விடு. கேபிளை மட்டும் அனுப்புகிறேன். உன்னுடையதும் கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகைதான். ஒரே வாய், ஒரே கொக்கி. எங்கள் கூடத்தில் ஒரு பெட்டியின் கேபிளை இன்னொரு பெட்டியில் எத்தனை தடவை மாட்டியிருக்கிறோம் என்று கணக்கே கிடையாது. கம்பி கம்பிதானே.

இதையும் திருப்பி அனுப்பினால் நான் ஒன்றும் செய்துவிட மாட்டேன். வருத்தப்படுவேன். நான் வருத்தப்படுவேன் என்று உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. கவனித்துக்கொள்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

மெஷின் ஓடுகிறது. மீதியை நீ படிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையைத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். ப்ராசஸரை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை அழுத்தும்போது ஒரு சத்தம் வரும், எதையோ நொறுக்கிவிட்டோம் என்று தோன்றும். அப்படித்தான் வரும் என்று படித்திருந்தும் கொக்கியைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தேன். மத்தியானத்துக்குள் எல்லாம் மாட்டி, புது டிஸ்க்கோடு பட்டனை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின. திரையில் எழுத்து வந்தது. அம்மா கைதட்டினாள். பிறகு ஏன் கைதட்டினேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் என் பழைய டிஸ்க்கை மாட்டப் போனேன். அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நான் எடுத்த படங்கள். சுவர்கள், ஈரமான சிமெண்டுத் தரை, கால் பட்டுத் தேய்ந்த மரப்படி, கைரேகை படிந்த பஸ் ஜன்னல். ஒவ்வொன்றும் காலை வெளிச்சத்தில், உச்சியில், சாயங்காலத்தில். நான் வரைகிற கட்டடங்களுக்கு அவைதான் தோல். நாலு வருஷமாகச் சேர்த்தது.

நீ சொன்னது சரி. கேபிள் எட்டவில்லை. நீ அனுப்பியது வந்து மேஜை டிராயரில் கிடந்தது. பவர் சப்ளையோடு வந்த சின்னப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி உண்டு: இந்தப் பெட்டியோடு வராத கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டும் உன் கேபிளைத்தான் எடுத்தேன். உன் கடிதத்தின் கடைசி வரிதான் காரணம். நீ நீட்டிய எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, இதற்காவது சரி என்போம் என்று இருந்தது. கொக்கி எவ்வளவு அழகாகப் போய் உட்கார்ந்தது தெரியுமா. பட்டனை அழுத்தினேன். கிள்ளினாற்போல் ஒரு சத்தம், அப்புறம் வாசனை. "அடுப்புல எதையாவது வெச்சிட்டு மறந்துட்டியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

வாய் ஒன்றுதான். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. மற்ற பாகங்கள் தப்பின. அழிந்த டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுக் கொடுக்கிற ஒருவரிடம் எடுத்துப் போனேன். திறந்து பார்த்து, சிப்பே கருகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறு பிரதி இல்லையா என்று நீ கேட்பாய். பிரதி எடுப்பதற்காகத்தான் அதை மாட்டினேன்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மாட்டியது என் கை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீ எதையும் செய்ய வேண்டாம். அதைக் கொஞ்சம் அழுத்திப் படி.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சி,

உன்னிடம் இருக்கும் அதே பவர் சப்ளையை இங்கே ஒன்று வாங்கினேன். இரண்டையும் மேஜையில் வைத்து மீட்டரால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். நீ எழுதியதுபோலத்தான் இருக்கிறது. நான் சொன்னது தப்பு.

எங்கள் கூடத்தில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நிறுவனத்துடையவை. அதனால்தான் அங்கே எதை எதில் மாட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. இவ்வளவு வருஷமாக ஒரே வீட்டுக்குள் நடந்துகொண்டு, எல்லா வீட்டிலும் கதவு அதே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்துக்குள் போய் நின்றேன். அங்கே இருக்கிற இரைச்சலில் யார் அழுதாலும் வெளியே கேட்காது.

நீ எதையும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்தேன். ஆனால் உன் நாலு வருஷத்தை எரித்துவிட்டு என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. நேற்றுக் கோட்டுவிடம் பேசினேன். அவர்கள் அலுவலகத்தில் சுவர், தரை, மரம் என்று ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றனவாம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மெஷினும் அங்கேயே இருக்கிறது. பள்ளிக்கூட வேலையை அலுவலகத்தின் பெயரில் முடித்துக் கொடுத்துவிடலாம். நீ போகிற அன்றிலிருந்து சம்பளம். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்குப் போனால் போதும்.

எல்லாம் தயார். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

மாட்டேன்.

இந்த ஒரு வார்த்தையோடு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதையும் நீ கோபம் என்று நினைப்பாய், அம்மா தலைவலி என்று நினைப்பாள்.

கேபிளுக்காக எனக்குக் கோபமில்லை. நேற்றுவரை ஒரு கேபிள்தான் தப்பான இடத்தில் போயிருந்தது. இப்போது என்னையே எடுத்து மாட்டப் பார்க்கிறாய், வாய் பொருந்துகிறது என்பதற்காக. நான் ஏன் விடுப்பு எடுத்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வேலைப் பளு என்று நீயாகவே முடிவு செய்துகொண்டாய். கோட்டுவிடமும் அதையே சொன்னாய். அவருக்கும் அது வசதியாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். அங்கே என் வேலை, இன்னும் கட்டாத வீடுகளைப் படமாக்குவது. வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முன்பணம் கட்டுவார்கள். ஒரு கட்டடத்துக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் இன்னொரு உயரமான கட்டடம். நான் அதையும் வரைந்திருந்தேன். படத்தில் வீட்டின் கூடம் இருட்டாக வந்தது. கோட்டு என் பின்னால் வந்து நின்று, "அந்தப் பக்கத்துப் பில்டிங்கை எடுத்துடும்மா" என்றார், கறையைத் துடைக்கச் சொல்வதுபோல. எடுத்ததும் ஜன்னல் வழியாக வெயில் வந்து சோபாமேல் விழுந்தது. ரொம்ப அழகாக இருந்தது. இதை இப்படியே கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கோப்பை மூடினேன். வேறொருவரை வைத்து முடித்துக்கொண்டார்.

வீடு கட்டி முடிந்தபின் ஒரு வயதான புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் படத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். சண்டை போட வரவில்லை. இந்த வெயில் எந்த மாதத்தில் வரும் என்று கேட்க வந்தார்கள். வரும் வரும் என்று அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள். கோட்டு சிரித்துக்கொண்டே, "படம் படம்தான் சார், வீடு வீடுதான்" என்றார். அவர்களுக்குக் குளிர்பானம் வாங்கிவரச் சொன்னார். மறுநாள் காலையில் இன்னொரு கட்டடத்தின் கோப்பு என் மேஜைக்கு வந்தது, எதை எடுக்க வேண்டும் என்று சிவப்பில் வட்டம் போட்டு. அன்றைக்குத்தான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

என் மெஷினை நான் கட்டியது அடம்பிடிப்பதற்காக இல்லை. அங்கே என் முன்னால் இருந்த எதுவும் நான் தேர்ந்தெடுத்தது இல்லை. மெஷின், நாற்காலி, ஜன்னல், வெயில். இங்கே ஒரு விசிறி சத்தம் போட்டால்கூட எந்த விசிறி, ஏன் என்று எனக்குத் தெரியும்.

படங்கள் போனது போனதுதான். பள்ளிக்கூடத்துக்குத் தோலே இல்லாமல் செய்யப் போகிறேன். எல்லாச் சுவரும், எல்லாத் தரையும், நிற்கிற ஆளும் ஒரே மங்கிய வெள்ளை, காய்ந்த களிமண் மாதிரி. நேற்று ஒரு வகுப்பை மட்டும் அப்படி ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தைத் தவிரப் பார்ப்பதற்கு அதில் வேறொன்றும் இல்லை. ஆர்க்கிடெக்டுக்கு இது பிடிக்காமல் போகலாம். வேலையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அப்படியானால் ஜூன் முதல் தேதி நானே நடந்து போய் அந்த நாற்காலியில் உட்காருகிறேன். நீ கொண்டுபோய் விட வேண்டாம்.

கோட்டுவிடம் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்கிறேன். நான் சொன்னால் சுருக்கமாக இருக்கும்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சி,

இந்தத் தடவை பார்சல் எதுவும் வராது. அம்மாவிடமும் எதையும் அளக்கச் சொல்லவில்லை.

கோட்டுவிடம் பேசினேன். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பெரியவர்களைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. நான் விடாமல் கேட்டதும் சிரித்தான். "படம் படம்தானேப்பா, வீடு வீடுதானே" என்றான். வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் எனக்காகச் சண்டை போட்டவன் அவன். அந்த ஆளைத் தேடிக்கொண்டே பேசினேன், கிடைக்கவில்லை. இனிமேல் என் தங்கையைப் பற்றி என்னிடம் கேட்காதே, அவளிடம் கேள் என்றேன். "நான் எங்க கேட்டேன்? எப்பவும் நீதானே கூப்பிடுவே" என்றான்.

அது உண்மை. வைத்துவிட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். அப்பா போனபோது நீ சின்னப் பெண். என்ன வேண்டும் என்று கேட்டால் பேசவே மாட்டாய். அதனால் கேட்பதை விட்டுவிட்டு நானாகவே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். நீ பேச ஆரம்பித்தது எப்போது என்று கவனிக்கவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன், நிஜமாகவே தெரியாமல்தான். ஒரு வருஷத்து வெயிலை அந்த மெஷின் எப்படிக் கணக்குப் போடுகிறது? ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகவா? மேகம் இருந்தால் என்ன செய்வாய்? அவசரமில்லை. வேலை முடிந்தபின் எழுது.

விசிறி இறக்கையில் தூசி சேர விடாதே. சரி, இதைச் சொல்லாமல் என்னால் முடியாது. விட்டுவிடு.

அக்கா


மே 30

அக்கா,

ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகத்தான். மாதத்துக்குச் சில நாட்களை எடுத்து, காலையிலிருந்து பள்ளி விடும்வரை சூரியனை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மேகத்துக்கு வானம் முழுவதையும் ஒரே விளக்காக வைத்து இன்னொரு தடவை. தோல் இல்லாததால் கட்டடம் மொத்தமும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கிவிட்டது. இருந்தும் அறை அடுப்பங்கரைபோல் கொதித்தது. அம்மா ஈரத்துணிகளைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பின்னால் உலர்த்த ஆரம்பித்துவிட்டாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வதோடு சமாதானம் ஆனோம். தூசி தட்டிவிட்டேன்.

ஆர்க்கிடெக்ட் முதலில் முகம் சுளித்தார். பணம் கொடுக்கிறவர்களுக்கு இந்தச் சாம்பல் பொம்மையைக் காட்டவா என்றார். நிறமும் மரமும் வேண்டுமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் வேண்டுமென்றால் இதுதான் என்றேன். வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அவர் பணம் கொடுப்பவர்களுக்குப் பதிலாக, அங்கே பாடம் நடத்தப் போகிற ஆசிரியர்களைக் கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதி வரச் சொன்னார்கள். என்ன ஆகுமோ என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாளே கோட்டுவுக்கு ராஜினாமாவை அனுப்பிவிட்டேன். முடிவு தெரிந்தபின் அனுப்பினால் அது முடிவு அனுப்பியதாக இருக்கும், நான் அனுப்பியதாக இருக்காது.

மறுநாள் அறையை இருட்டாக்கிப் படத்தை ஓட்டினேன். மூன்றாவது வகுப்பறை வந்ததும் ஓர் ஆசிரியை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவருக்கே காது கேட்காது. கரும்பலகை முன்னால் நான் நிறுத்தியிருந்த வெள்ளை உருவத்தின் முகத்தில் விரலை வைத்தார். உருவத்துக்குப் பின்னால், பலகையை ஒட்டிய ஜன்னலில் வெயில் ஏற ஏற அந்த முகம் கறுத்துக்கொண்டே போனது. திரும்பி எங்களைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொன்னார். உடனிருந்தவர் அதைப் பேச்சில் சொன்னார்: "காலையில இந்த ரெண்டு பீரியடும் நான் என்ன பேசினாலும் ஒருத்தருக்கும் கேட்காது."

ஆர்க்கிடெக்ட் எழுந்து விளக்கைப் போட்டார். வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். அதற்குப் பிறகு என் படத்தை யாரும் பார்க்கவில்லை, வரைபடத்தின்மேல் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக இன்று காலை பதில் வந்தது. மூன்றாவது வகுப்பறையின் கரும்பலகையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். ஜூலையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

தங்கை